ஒரு திகதியின் கொள்ளளவு: மார்ச் 14ஐ முன்வைத்துத் தாராபுரத்தில் ஓர் ஆராய்ச்சி

ஆராய்ச்சிப் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகங்கள் மறந்துவிட்ட விதி. மன்னார்த் தீவின் தாராபுரத்தில் அது தேத்தண்ணிக் கடையொன்றின் சுவரில், காசு மேசைக்கு நேர் மேலே, ஆணியில் தொங்குகிறது. நாளுக்கொரு தாள் கிழிக்கிற கலண்டர். நடுவில் பெரிய எழுத்தில் அரசாங்கத் திகதி. வலது மூலையில் ஹிஜ்ரி நாள், இடது மூலையில் தமிழ் மாதத்து நாள். கீழே இராகுகாலமும் சுபநேரமும். அதற்கும் கீழே ஐந்து வேளைத் தொழுகை நேரங்கள். ஓரத்தில் அன்றைய புனிதரின் பெயர். மன்னார் மாவட்டத்தில் ஒரு வாடிக்கையாளரையும் இழக்க அச்சகத்துக்கு மனமில்லை. இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுகிற அரை விரல் இடத்தில், கண்ணாடி போட்டவரும் தலையைச் சரித்து வாசிக்க வேண்டிய எழுத்தில், ‘வரலாற்றில் இன்று’.

மார்ச் 14ஆம் திகதித் தாளில் அந்த இடத்தில் இரண்டே வரி. 1879இல் விஞ்ஞானி ஐன்ஸ்டைன் பிறந்தார். 1883இல் கார்ல் மார்க்ஸ் இறந்தார்.

இவ்விருவருக்கும் என்ன தொடர்பு என்ற வினாவிலிருந்தே இந்த ஆய்வு பிறந்தது. வினாவை எழுப்பியவர் கட்டுரையாளர் அல்லர். ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர். “ரெண்டு பேரும் சொந்தமா?” என்றுதான் அவர் கேட்டார். சொந்தமில்லை. மறுபிறவிக் கொள்கையை இந்த ஊர் ஏற்பதில்லை. ஏற்றாலும் உதவாது, ஏனெனில் ஒருவர் பிறந்து சரியாக நான்கு வருடம் கழித்தே மற்றவர் போயிருக்கிறார். ஒரே ஊரில் வாழ்ந்தவர்களுமல்லர். ஒருவர் பிறந்தது ஜெர்மனியின் உல்ம் நகரில், மற்றவர் இறந்தது லண்டனில். மிஞ்சுவது திகதி மட்டுமே. அப்படியானால் திகதி என்பது என்ன, அதற்குள் எத்தனை பேரை ஏற்றலாம், ஏற்றியவர்கள் உண்மையிலேயே ஒரே நாளில்தான் இருக்கிறார்களா? இம்மூன்றும் முறைப்படி ஆராயப்பட வேண்டியவை. இதுவரை ஆராயப்படாததற்கு ஒரே காரணம்தான்: தாள் கிழிக்கப்பட்டதும் அதன்மேல் ரோல்ஸ் வைக்கப்படுகிறது. எண்ணெய் பட்டால் முதலில் அழிவது வரலாறு.

கொள்ளளவை முதலில் பார்ப்போம். மனித குலம் தோன்றிய நாள் தொட்டு நடந்த அத்தனையையும் கலண்டர்க்காரர் 366 தாளுக்குள் அடக்கியாக வேண்டும். மேலதிகத் தாள் ஒதுக்க எந்த அரசும் முன்வரவில்லை. ஆகவே நெருக்கடி தவிர்க்க முடியாதது. இரண்டு பெரிய மனிதர்கள் ஒரே தாளில் வந்து முட்டுவது அதிசயமுமல்ல. இதற்குக் கணித நிரூபணமும் உண்டு. ஒரு வகுப்பில் 23 பிள்ளைகள் இருந்தாலே போதும், அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருப்பதற்கான வாய்ப்புப் பாதிக்கு மேல். கேட்டவர் நம்பமாட்டார். 365 நாளுக்கு 23 பேர் எந்த மூலைக்கு என்பார். ஆனால் ஒப்பிட வேண்டியது ஆட்களையல்ல, சோடிகளை. 23 பேருக்குள் 253 சோடிகள் இருக்கின்றன. வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் வாய்ப்பு நூற்றுக்கு 89 ஆகிவிடும். இதைக் கடையில் விளக்கியபோது, இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன் ஒருவர், தன் வீட்டில் இரண்டே பேரில் இந்த வாய்ப்பு நூற்றுக்கு நூறு என்று குறிப்பிட்டார். கோட்பாட்டில் அதற்கு இடமில்லை என்றாலும் குறித்துவைத்தோம்.

ஆக, மார்ச் 14இல் இருவர்தான் என்பது அச்சகத்தின் இடப்பற்றாக்குறையே தவிர வரலாற்றின் வறுமையல்ல. இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’ பம்பாயின் மெஜஸ்டிக் தியேட்டரில் திரையிடப்பட்டது 1931 மார்ச் 14. நடிகர் ஆமிர் கான் பிறந்தது 1965 மார்ச் 14. ஸ்டீபன் ஹோக்கிங் இறந்தது 2018 மார்ச் 14. ஹோக்கிங் இந்த விஷயத்தில் தொடர் குற்றவாளி: பிறந்ததும் கலிலியோ இறந்து சரியாக முந்நூறாம் ஆண்டு நிறைந்த ஜனவரி 8. திகதி பார்த்து வருவதும் போவதும் அவருக்கு வழக்கமாயிருந்திருக்கிறது.

அனுட்டான நாட்களுக்கும் குறைவில்லை. மார்ச் 14 ஆறுகளுக்கான சர்வதேச நாள். அணைகளால் பாதிக்கப்பட்டோர் 1997இல் பிரேசிலின் குரிச்சிபா நகரில் கூடி எடுத்த முடிவு. மன்னார்த் தீவில் ஆறு கிடையாது. அருவியாறு கடலில் விழுவது தீவுக்கு வெளியே, பெருநிலப் பக்கம். ஆகவே அந்நாளை இங்கு எப்படி அனுட்டிப்பது என்பது திறந்த கேள்வி. அதே மார்ச் 14 கணிதத்துக்கான சர்வதேச நாளும்கூட. யுனெஸ்கோ 2019இல் அறிவித்தது. அதன் மூலக்கதை 1988இல் சான் பிரான்சிஸ்கோவில், லாரி ஷா என்பவர் பணியாற்றிய அறிவியல் கூடமொன்றில் தொடங்குகிறது. வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வரும் ‘பை’ என்ற எண் 3.14, மூன்றாம் மாதம் 14ஆம் நாள் 3/14, ஆகவே அது பை நாள்.

இங்கே கட்டுரையாளர் கடுமையான ஆட்சேபம் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளார். மாதத்தை முன்னே போடுவது அமெரிக்க வழக்கம். தாராபுரத்துப் பிள்ளை கொப்பியில் 14/3 என்றே எழுதும். 14.3 என்ற பை உலகில் எந்த வட்டத்துக்கும் இல்லை. நாளை முன்னே போடுகிற நாடுகளுக்குரிய பை நாள் ஜூலை 22தான்: 22/7. கணக்குப் பாடத்தில் நம் பிள்ளைகள் காலங்காலமாகப் போட்டுவருகிற அதே 22/7. அதிலும் விசேடம், 22/7 என்பது 3.142857…, உண்மையான பையோ 3.141592…, வித்தியாசம் 0.0013. அமெரிக்கரின் 3.14க்கும் பைக்கும் வித்தியாசம் 0.0016. துல்லியத்திலும் நாமே முன்னால். சோளகக் காற்றில் மணல் கண்ணுக்குள் அடிக்கிற ஜூலை மாதத்தில் இதைக் கொண்டாட யாருக்கும் உற்சாகம் வராது என்பதால் மட்டுமே உலகம் மார்ச்சைத் தேர்ந்தது என்று கருத இடமுண்டு.

இத்தனை பேர் கூடியிருக்கும் தாளில் தாராபுரத்துக்குப் பங்கு உண்டா? உண்டு, அச்சகம் போடவில்லை. 2015 மார்ச் 14, சனிக்கிழமை, இதே தீவிலுள்ள தலைமன்னாருக்குக் கோச்சி திரும்பி வந்தது. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி தலைமன்னாரில் நின்று கொடியசைத்தார். கால் நூற்றாண்டாகத் தண்டவாளம் இல்லாதிருந்த பாதை அது. அதற்கு முந்திய பெருமையும் இந்தப் பாதைக்கு உண்டு. 1914 மார்ச் 1 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடியது. சென்னையில் ஒரே பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு ரயில், கப்பல், ரயில் என்று கொழும்புக் கோட்டையில் இறங்கலாம். அமெரிக்க பை பக்தர்களுக்கும் 2015 மார்ச் 14 மறக்க முடியாத நாள்: 3/14/15. காலை 9 மணி 26 நிமிடம் 53 விநாடிக்கு 3.141592653 என்று பத்து இலக்கமும் ஒழுங்காக வந்து நின்றன. அவர்கள் அங்கே கடிகாரத்தைப் பார்த்து ஆரவாரம் செய்தபோது, அதுவும் அமெரிக்காவின் கிழக்குக் கரைக் கடிகாரத்தை வைத்துச் சொன்னால், தலைமன்னாரில் மாலை ஏழாவதற்கு மூன்று நிமிடம்.

வாசகர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். மாலை ஏழாவதற்கு மூன்று நிமிடம் என்றால் மஃரிப் தொழுது முடிந்தாயிற்று. மஃரிபோடு ஹிஜ்ரி நாள் முடிந்து அடுத்த நாள் பிறந்துவிடும். அதாவது, பத்து இலக்கமும் கூடி வந்த அந்த மகத்தான கணத்தில், தாராபுரத்துப் பள்ளிவாசலின் கணக்கில் அந்த நாளே இல்லை.

இதுதான் இவ்வாய்வின் நடுமுள். ‘ஒரே நாள்’ என்று எல்லோரும் வாய்கூசாமல் சொல்கிறார்கள்; நாள் எங்கே தொடங்குகிறது என்று யாரும் முதலில் பேசி முடிவுசெய்வதில்லை. அரசாங்கத்துக்கு நள்ளிரவில். பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயத்தில். பள்ளிக்கு மஃரிபில். ஒரே சுவரில் ஒரே ஆணியில் தொங்குகிற ஒரே தாளில் மூன்று நாட்கள், மூன்றும் வெவ்வேறு நேரத்துக்கு முடிகின்றன. கடை முதலாளியிடம், “நானா, தாளை எத்தனை மணிக்குக் கிழிக்கிறீங்க?” என்று கேட்டோம். கடை பூட்டும்போது என்றார். அது எந்தச் சமயத்தாரின் மரபுமல்ல. முறைப்படி செய்வதானால் வலது மூலையை மஃரிபுக்கும், நடுவை நள்ளிரவிலும், இடது மூலையை விடியவும் கிழிக்க வேண்டும் என்று விளக்கினோம். அவர் ஒரு பிளேன்டீயை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இது வெறும் ஏட்டுச் சிக்கலல்ல. ஊரில் வெள்ளி இராவு என்றால் வியாழன் மாலை இருட்டியதிலிருந்து விடியும்வரை. வெள்ளியின் இரவு வெள்ளியின் பகலுக்கு முன்னே போய்விடுகிறது. கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுக்கிற வீடொன்று, வெள்ளி இராவு வாருங்கள் என்று பேசாலைக் கத்தோலிக்க நண்பரையும் அழைத்தது. அவர் வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். வீட்டில் சகனெல்லாம் கழுவிக் கவிழ்த்து இருபது மணித்தியாலம் ஆகியிருந்தது. முட்டை பொரித்துக் கொடுத்தார்கள். இருவரும் சொன்ன நாள் ஒன்றுதான், வந்த நாள்தான் வேறு.

இனி இந்த அளவுகோலைச் சுவரிலுள்ள பெரியவர்கள்மேல் வைப்போம். ஐன்ஸ்டைனின் பிறப்புப் பதிவில் நேரம் முற்பகல் பதினொன்றரை. உல்ம் நகரிலிருந்து கிழக்கே கணக்கிட்டால் தாராபுரத்தில் அது அஸர் வேளை. அன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து ஊர் உறங்கி எழுந்திருக்கும். ஆகவே ஐன்ஸ்டைன் எந்த மூலையைக் கிழித்தாலும் மார்ச் 14க்குள் தப்பாமல் நிற்கிறார். மார்க்ஸ் அப்படியல்லர். அவர் சாய்நாற்காலியில் உயிர்விட்டது பிற்பகல் மூன்று ஆவதற்குக் கால் மணி என்று ஏங்கல்ஸ் பதிந்திருக்கிறார். இங்கே அப்போது இரவு எட்டைத் தாண்டியிருக்கும். மஃரிபும் போய் இஷாவும் ஆன நேரம். பள்ளிக் கணக்கில் மார்க்ஸ் இறந்தது அடுத்த நாள். இருவரையும் ஒரே தாளில் போட்ட அச்சகம், தாராபுரத்தில் அதைத் தொங்கவிடுமுன் உலமாக்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அதையும் விடுவோம், நேரத்தைக் கழித்து மாதத்தை மட்டும் பார்ப்போம். இந்த மார்ச் 14களை ஹிஜ்ரிக்கு மாற்றினால் கூட்டம் கலைந்து போகிறது. ஐன்ஸ்டைன் 1296ஆம் ஆண்டு ரபீஉல் அவ்வல் பிற்பாதிக்குப் போகிறார். மார்க்ஸ் 1300ஆம் ஆண்டு ஜமாதுல் அவ்வல் தொடக்கத்துக்கு. ‘ஆலம் ஆரா’ நோன்புப் பெருநாள் கழிந்த ஷவ்வாலுக்கு. ஹோக்கிங் ஜமாதுல் ஆகிர் கடைசிக்கு. தலைமன்னார்க் கோச்சியோ ஜமாதுல் அவ்வலின் கடைசிப் பத்துக்குள் வந்து சேர்கிறது. ஆக அந்தக் கலண்டரில் மார்க்சுடன் மாதத்தைப் பங்கிடுகிற ஒரே நிகழ்வு நம்முடைய கோச்சிதான். சொத்தெல்லாம் பொதுவாக வேண்டும் என்றவருக்கும் அரசாங்க ரயிலுக்கும் பொருத்தம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அதை ஆய்வு முடிவாக ஏற்க முடியாது.

சந்திர வருடம் 354 அல்லது 355 நாள். சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாள் போலக் குறைவு. அதனால் ஹிஜ்ரி மாதங்கள் வருடா வருடம் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய 33 வருடத்தில் ஒரு சுற்று முடித்துத் திரும்புகின்றன. 2024இலும் 2025இலும் மார்ச் 14 நோன்பு மாதத்துக்குள் விழுந்தது. களஆய்வுக்கு அதனால் நேர்ந்த இடையூறு சிறிதல்ல: ஆய்வுக்குரிய நாளில் ஆய்வுக்கூடம் பகல் முழுக்கப் பூட்டு. நோன்பு திறந்து கஞ்சி குடித்துக் கடை திறக்கும்போது, மேலே நிறுவியபடி, நாள் முடிந்துவிட்டிருந்தது.

திகதி ஒன்றாக இருந்தும் நாள் வேறாக இருப்பதற்கு மேல்நாட்டிலும் சான்று உண்டு. ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய நாவலாசிரியர் செர்வாண்டிசும் 1616 ஏப்ரல் 23இல் இறந்தார்கள் என்று ஏடுகள் சொல்கின்றன. யுனெஸ்கோ அதைக்கொண்டே அந்நாளை உலகப் புத்தக நாளாக 1995இல் அறிவித்தது. ஆனால் அப்போது ஸ்பெயின் புதிய கிரகோரியன் கலண்டரிலும் இங்கிலாந்து பழைய ஜூலியன் கலண்டரிலும் இருந்தன. இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். ஸ்பானியருக்குப் பத்தாம் நாள் கத்தமே முடிந்த பிறகுதான் ஆங்கிலேயர் கண்மூடியிருக்கிறார். போதாததற்குச் செர்வாண்டிஸ் இறந்தது 22, அடக்கம்தான் 23 என்பாரும் உண்டு. மறுப்பாளர்கள் அமெரிக்காவிலிருந்து ஒரு வழக்கைக் கொண்டுவரலாம்: ஜோன் அடம்ஸ், தோமஸ் ஜெபர்சன் என்ற இரண்டு முன்னாள் ஜனாதிபதிகள், 1826 ஜூலை 4, சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாம் நிறைவன்று, ஒரே நாட்டில் ஒரே கலண்டரில் சில மணித்தியால இடைவெளியில் இறந்தார்கள். இதற்கு எம்மிடம் பதில் இல்லை. அடுத்த விஷயத்துக்குப் போகிறோம்.

அடுத்த விஷயம் அரசாங்கம். கலண்டரில் கை வைக்கும் அதிகாரம் வானத்துக்கு மட்டும் என்று நினைப்பது தவறு. 1966 தொடக்கம் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையே இல்லை. டட்லி சேனநாயக்க அரசு கொண்டுவந்த சட்டத்தின்படி சந்திரனின் நான்கு கால்களுக்கும் வருகிற போயா நாட்களே வார விடுமுறை. சந்திரன் ஏழு நாளுக்குள் அடங்குகிற பிராணி அல்லவாதலால் சில வாரம் ஏழு நாள், சில வாரம் எட்டு நாள். பூசைக்குப் போகிற கத்தோலிக்கருக்கும் ஜும்ஆவுக்குப் போகிற முஸ்லிமுக்கும் அப்போதுதான் ஒரே குறை இருந்தது.

அதைவிட அருமையான பரிசோதனை 1996இல் நடந்தது. மின்சாரத் தட்டுப்பாட்டால் மே மாதம் நாடு தன் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி, ஒக்டோபரில் அரை மணி பின்வாங்கி, அந்த மிச்ச அரை மணியை 2006 ஏப்ரல் வரை வைத்துக்கொண்டது. வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இதை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம். மன்னார்த் தீவில் புது நேரம். சமாதான காலத்தில் உயிலங்குளம் சோதனைச் சாவடியைத் தாண்டி அந்தப் பக்கம் போனவர் அரை மணியை மிச்சம் பிடித்தார். திரும்பி வந்தவர் அதை இழந்தார். ஆய்வுக் கண்ணால் பார்த்தால் இதன் பொருள் மகத்தானது. வருடந்தோறும் அரை மணித்தியாலம், ஒரே மாவட்டத்தில், சாவடிக்கு இந்தப் பக்கம் மார்ச் 14. அந்தப் பக்கம் இன்னும் மார்ச் 13. ஐன்ஸ்டைன் பிறந்தநாளை இரண்டு முறை கொண்டாட விரும்புகிறவர் சரியான நேரத்துக்கு வாகனம் பிடித்திருந்தால் போதும். அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான்.

ஐன்ஸ்டைனுக்கு இது ஆச்சரியமாக இருந்திராது. ஒரே நேரம் என்று பொதுவாக ஒன்று கிடையாது என்பதை அவர் விளக்கியதே ரயிலை வைத்துத்தான். ஓடுகிற ரயிலின் இரு முனையிலும் மின்னல் விழுகிறது. கரையில் நடுவில் நிற்பவனுக்கு இரண்டும் ஒன்றாக விழுந்தன. ரயிலுக்குள் நடுவில் இருப்பவனுக்கு முன்னால் விழுந்தது முந்தியது. இரண்டு பேரும் சொல்வது சரி. தலைமன்னார்க் கோச்சிக்கு இதைப் பொருத்திப் பார்த்தோம். முந்நூறு மீற்றர் நீளமான ரயில் மணிக்கு அறுபது கிலோமீற்றர் வேகத்தில் போனால், தண்டவாள ஓரத்தில் ஆடு மேய்ப்பவருக்கும் பெட்டிக்குள் இருப்பவருக்கும் வரும் வித்தியாசம் ஒரு விநாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவு. இந்த அளவு வித்தியாசம் காரணமாக யாரும் கோச்சியைத் தவறவிட்டதாகத் தகவல் இல்லை.

தாளில் இல்லாதவற்றைப் பற்றியும் ஒரு சொல். 2015இல் பாதை திரும்பியது என்றால் அது எப்போது போனது என்று கேட்க வேண்டும். 1990இல், போரில். அதே வருடம் ஒக்டோபர் கடைசியில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்று முஸ்லிம் ஊர்கள் சில நாட்களுக்குள் காலியாகின. வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கிப் புத்தளத்துப் பக்கம் கிடுகுக் கொட்டில்களில் இருந்தவர்களில் பலர் இருபது வருடம் கழித்தே ஊரைக் கண்டார்கள், சிலர் காணவில்லை. எந்தக் கலண்டரும் அதை ‘வரலாற்றில் இன்று’ பகுதியில் போடுவதில்லை. ஊராரும் அதற்குத் திகதி சொல்வதில்லை. வெளியேத்தின வருசம் என்கிறார்கள். அந்தக் கிணறு வெளியேத்தினதுக்கு முந்தி வெட்டினது, அவளுக்கு வெளியேத்தின வருசம் ஆறு வயசு. இதேபோல 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலும். அது 22ஆம் திகதியா 23ஆம் திகதியா என்று நூல்கள் இன்னும் இழுபடுகின்றன; இங்கே புயல் அடிச்ச வருசம் என்றால் வயதானவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

ஆகவே இரண்டு முறைமைகள் உள்ளன. அச்சகம் திகதியை ஆணியாக அடித்து அதில் நிகழ்வைத் தொங்கவிடுகிறது. ஊர் நிகழ்வை ஆணியாக அடித்து அதில் திகதிகளைத் தொங்கவிடுகிறது. இரண்டும் சந்தித்துக்கொண்ட ஒரு வழக்கு இவ்வாய்வின்போது கிடைத்தது.

ஊரவர் ஒருவர், அரசாங்க உத்தியோகத்தர், பிறப்புச் சான்றிதழில் 1965 மார்ச் 14. ஐன்ஸ்டைன் ஒருபுறம் இருக்க, ஆமிர் கானுடன் நாள், மாதம், வருடம் மூன்றும் பொருந்துகிற மனிதர் தாராபுரத்தில் நடமாடுகிறார் என்று தெரிந்ததும் இளைஞர்களிடையே ஏற்பட்ட பரபரப்பு சொல்லி முடியாது. ஒருவர் அவரோடு படம் எடுத்துக்கொண்டார். ஆனால் ஆய்வு நேர்மை மூலச் சான்றைத் தேடச் சொல்கிறது. மூலச் சான்று அவருடைய தாயார் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்லி வைத்துப் போன வாக்கியம்: “புயல் அடிச்சதுக்குப் பிந்தின மாசி கடைசி. மஃரிப் பாங்கு முடிய நீ பொறந்த. ஞாயிறு இராவு.”

பஞ்சாங்கத்தையும் நாட்கணக்கையும் பார்த்தோம். 1965 மார்ச் 14 ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் பள்ளிக் கணக்கில் ஞாயிறு இராவு என்பது சனிக்கிழமை இருட்டியதும் வருவது. அப்படியானால் அரசாங்கக் கணக்கில் அவர் பிறந்தது மார்ச் 13, சனிக்கிழமை, மாலை ஆறரை மணியளவில். தகப்பன் போய் “ஞாயிறு இராவு” என்று சொல்லியிருப்பார். பதிவாளர் ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன திகதி என்று பார்த்து 14 என்று எழுதியிருப்பார். பொய் சொன்னவர் யாருமில்லை. பேசாலை நண்பர் முட்டைப் பொரியல் சாப்பிட்ட அதே காரணம்தான்.

முடிவு பல பக்கமும் பாதித்தது. ஆமிர் கான் போய்விட்டார். படம் எடுத்தவர் அதை அழித்துவிட்டதாகக் கேள்வி. மார்ச் 13இல் ஆறுதலுக்கு என்ன இருக்கிறது என்று தேடி, 1781இல் ஹெர்ஷல் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த நாள் அது என்று எடுத்துக் கொடுத்தோம், இளைஞர்கள் திருப்திப்படவில்லை. இன்னொன்றும் வெளிவந்தது. 2025 மார்ச்சில் அவர் அறுபது முடிந்து இளைப்பாறினார். அறுபது சூரிய வருடம் என்பது சந்திரக் கணக்கில் 61 முடிந்து 62 நடக்கிற வயது. அரசாங்கத்துக்கு அறுபதான மனிதர் ஆண்டவனிடத்தில் அறுபதைக் கடந்து ஒன்றே முக்கால் வருடத்துக்கு மேலாகிறது.

இவற்றையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு போய் அவரிடமே வாசித்துக் காட்டினோம். ஐன்ஸ்டைன், மார்க்ஸ், மின்னல், மஃரிப் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் காகிதத்தை வாங்கி நாலாக மடித்து, தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“எல்லாம் சரி தம்பி. இத ஓய்வூதியக் கந்தோருக்கு மட்டும் அனுப்பிப் போடாதீங்க. ஒரு நாள் சம்பளத்தத் திருப்பிக் கேப்பாங்க.”